புயலுக்கு முந்தின தேதி

உங்களில் பாதிப் பேருக்கு என்னை நேரில் தெரியாது. நான் ஜெயராணி. வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தோட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு புதுக்கோட்டைக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பில் போட்டவள். மண்வெட்டி பிடித்ததில்லை, ஒரு செடி நட்டதில்லை. ஆவூரில் எங்கள் வீட்டு ரோஜாத் தொட்டிகூட என் கணவர் பொறுப்புதான். ஆனாலும் போன மாதம் நம் மாதிரிக் கம்பெனிகளில் பில் போடும் நாற்காலிக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் போனில் என்னிடம் சில சந்தேகம் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி முடித்ததும், நான் சறுக்கிய இடங்களை எழுதிவைத்தால் உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. சாஃப்ட்வேரைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மளிகைக் கடையில் ஒரு சோப்பை விற்றால் அடுத்த வாரமும் அது சோப்பாகத்தான் இருக்கும். நம் சரக்கு அப்படியில்லை. பில் போய்ச் சேர்வதற்குள் அது வளர்ந்திருக்கலாம், வாடியிருக்கலாம், ஆடு மேய்ந்திருக்கலாம். அதனால் நாம் எழுதும் பில் விலையை மட்டும் சொல்வதில்லை. இந்தத் தேதியில் இந்த இடத்தில் இது இருந்தது என்றும் சொல்கிறது. இது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது.

சேர்ந்த புதிதில் திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலை செய்தோம். வேலை சொன்னவர் சென்னையில் இருந்தார். நான் அவர் பெயருக்கே பில் அனுப்பினேன். "பொது வீடும்மா அது, ஏழு பங்கு. என் பேருக்கு மட்டும் பில்லு வந்தா பங்காளிக என்ன நெனைப்பாங்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஏழு பேரையும் தேடிப் பிடித்து ஏழு பில் போட்டு முடிக்க நாலு மாதம் ஆனது. வேலை தொடங்கும் முன்பே "பில் யார் பேருக்குங்க?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தப்பு. சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை.

கஜா புயல் வந்த வருஷம், ஆலங்குடிப் பக்கத்தில் கருப்பையா என்பவரின் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் தோட்டம் போட்டோம். அவர் தென்னை விவசாயி. பதினாலு ஏக்கர் தோப்பு. தேங்காய் வருமானத்தில் கட்டிய மண்டபம் அது. முன்னால் புல்தரை, ஓரத்தில் பூச்செடிகள், வாசலிலிருந்து மண்டபம் வரை இரண்டு வரிசையாக, அழகுக்கு நடும் பாம் மரங்கள் நாற்பது. பொண்ணு மாப்பிள்ளை நின்று போட்டோ எடுக்கிற இடமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மீதியை வேலை முடிந்ததும் தருவதாகப் பேச்சு.

வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மழையில் புல் லாரி வராததால் இரண்டு பாத்தி மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில் கருப்பையா எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, தேங்கா வித்த காசு வந்துருக்கு. கையில இருந்தாக் கரைஞ்சிரும். இதுவரைக்கும் செஞ்ச வேலைக்கி ஒரு பில்லப் போட்டுக் குடுத்து விடுங்க, செக்கு எழுதிர்றேன்."

"இன்னும் ரெண்டே பாத்திதான சார் பாக்கி. முடியட்டும், ஒரே பில்லாப் போட்டுர்றேன்."

"சரி, ஒங்க இஷ்டம்."

பாதி வேலைக்குப் பில் போட்டால் அட்வான்ஸைப் பிரித்துக் கழிக்க வேண்டும், வரியை இரண்டு தடவை போட வேண்டும். மேஜையில் வேறு ஐந்து பில்கள் கிடந்தன. காரணம் அவ்வளவுதான். சோம்பல் என்று சொன்னாலும் தப்பில்லை. கொடுக்கிறேன் என்று வந்த மனிதரை நான்தான் காத்திருக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் புயல் அடித்தது. புதுக்கோட்டையே தலைகீழாகக் கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, எந்தத் தெருவிலும் வண்டி போக வழியில்லை. நார்த்தாமலைக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் நர்சரியில் நிழல்வலை ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. சனிக்கிழமை கூலி கொடுக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் வீட்டில் கூரை போயிருந்தது. அந்தக் கம்பெனி தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைக் கூலி நின்றது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலாளி என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். விவசாயம் படித்தவர், கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர், யாரையும் ஏமாற்றி நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து வருவதைப் படித்துவிட்டு அவரைத் தப்பாக நினைப்பீர்கள்.

"ஆலங்குடி மண்டபத்துக்குப் பில் போயிருச்சுல்ல?"

"இல்ல சார். ரெண்டு பாத்தி பாக்கின்னு வச்சிருந்தேன்."

கருப்பையா போன் செய்து கேட்டதை நான் சொல்லவில்லை.

அவர், கரண்ட் இல்லாத அவசரத்துக்கென்று பீரோவில் இருந்த பில் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வேலைய ஒப்படைச்சுட்டா அதுக்கப்புறம் என்ன ஆனாலும் கஸ்டமர் பொறுப்பு. கொட்டேஷன்லயே இருக்கு. போன வாரம் இதே நாள் தேதி போட்டு, வேலை முடிஞ்சதுன்னு எழுதுங்க."

"சார்..."

"பொய்ப் பில்லாப் போடச் சொல்றேன்? மரம் நட்டமா இல்லையா? புல்லுப் போட்டமா இல்லையா? தேதிதான ஜெயராணி. அந்த இருபத்திரண்டு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எழுதினேன். நியாயம் எங்கள் பக்கம் என்றுதான் அப்போது தோன்றியது. வழக்கம்போல ஒரே வரி: தோட்டம் அமைத்த வகையில், முழுத் தொகை. கீழே கையெழுத்து. மேலே புயலுக்கு ஐந்து நாள் முந்தின தேதி.

தபால் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. நேரில்தான் கொண்டுபோக வேண்டும். திங்கட்கிழமை காலையில் எங்கள் சூப்பர்வைசர் ராசுவின் பைக்கில் ஏறினேன். அரை மணி நேரப் பாதை. மூன்று மணி நேரம் ஆனது. பல இடங்களில் மரத்தை அறுத்து, பைக் மட்டும் நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். ஆலங்குடி நெருங்க நெருங்க, சாலையின் இரண்டு பக்கமும் தென்னை தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ராசு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். தெரிந்த தோப்பு வரும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கினார்.

மண்டபத்தில் இரண்டு ஊர்ச் சனம் தங்கியிருந்தது. நாங்கள் போட்ட புல்தரையில் கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். பூச்செடிகள் இருந்த இடத்தில் துணி காய்ந்தது. பாம் மரங்களில் பாதிக்கு மேல் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. கருப்பையா ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஜெனரேட்டர் ஓடினால்தான் போர்வெல்லில் தண்ணீர் வரும். சுற்று வட்டாரமே குடம் குடமாக அங்கேதான் வந்து பிடித்துக்கொண்டு போனது.

"வாங்கம்மா. சாப்பிட்டீங்களா? மொதல்ல சாப்பிடுங்க."

உப்புமா கொடுத்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை பையைத் திறக்கவில்லை.

"தோப்பு எப்படி சார்?" என்றேன்.

"நின்னதுன்னு பாத்தா நூறு தேறாது" என்றார். "இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீங்க?"

பில்லை எடுத்து நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"இந்தத் தேதி ஞாயித்துக்கெழமைல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களுக்கு லீவு.

"அன்னைக்கி ஒங்க ஆளுக யாரும் வரலையேம்மா. திங்கக்கெழம வந்துதான் புல்லுப் போட்டாங்க. அப்பவும் அங்கிட்டு ரெண்டு பாத்தி நின்னுபோச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "காசு இருந்தப்ப நான் பில்லு கேட்டேன். முடியட்டும்னீங்க. இன்னைக்கி எல்லாம் முடிஞ்சுபோயிக் கெடக்கு, வேலை முடிஞ்சிருச்சுன்னு எழுதிக் கொண்டாந்துருக்கீங்க."



"தேதி தப்பா விழுந்துருச்சு சார்" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவசரத்தில் கையால் எழுதிய பில் என்று சொன்னால் நம்பக்கூட நம்பியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதும் எந்தத் தேதியையும் அவர் நம்பியிருக்க மாட்டார். நானும்தான்.

"தெரிஞ்சேதான் போட்டேன் சார்" என்றேன். "நீங்க பில்லுக் கேட்டப்பப் போடாதது என் தப்பு. அத மறைக்கத்தான் இத எழுதுனேன்னு இப்பப் படுது. குடுங்க இங்கிட்டு."

வாங்கிப் புத்தகத்திலேயே வைத்து, மூன்று பிரதியிலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கி என்ன இருக்கோ அத எழுதலாம் சார். வாங்க, மூணு பேரும் ஒரு சுத்துப் பாத்துருவோம்."

அப்படி ஒரு கணக்கெடுப்பை நான் அதுவரை செய்ததில்லை. ஒவ்வொரு மரமாக நின்று பார்த்து எழுதினோம். நாற்பதில் பதினேழு நின்றது, இருபத்துமூன்று சாய்ந்திருந்தது. ராசு ஒரு மரத்தின் அடியில் உட்கார்ந்து மண்ணுக்குள் கையை விட்டார்.

"மேடம், வேருல ஈரம் இருக்கு. இன்னைக்கி, நாளைக்குள்ள நிமித்தி முட்டுக் குடுத்துட்டாப் பொழைக்கும். அதுக்கு மேல விட்டாப் போச்சு."

முதலாளியிடம் கேட்கப் போன் கிடையாது. போய்க் கேட்டுவிட்டு வருவதற்குள் அந்த நாள் போய்விடும். மரத்தை நிமிர்த்த ஆள் வேண்டும், அவர்களுக்குக் கூலி வேண்டும். ஏற்கெனவே கொடுக்க வேண்டிய கூலிக்கே வழியில்லை. பில் போடுகிறவளுக்கு இதையெல்லாம் முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன்: "நாளைக்கே ஆள் வருவாங்க சார். நிமித்துற கூலி ஒங்களுக்குக் கிடையாது. முட்டுக் கட்டை மட்டும் எங்க கிட்ட இல்ல, எல்லாம் காத்துல போயிருச்சு."

"கட்டைக்கா பஞ்சம்?" என்றார் கருப்பையா. "என் தோப்புல பதினாலு ஏக்கருக்குக் கெடக்கு. வெட்டிக்கிட்டுப் போங்க."

மண்டபத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஆண்கள் நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். நாளை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று ராசு கேட்டார். அன்று மதியமே ஒன்பது மரம் நின்றுவிட்டது, விழுந்த தென்னையைப் பிளந்து எடுத்த முட்டுகளின் பலத்தில்.

அவர்கள் மரம் தூக்கிக்கொண்டிருந்தபோது நான் படிக்கட்டில் உட்கார்ந்து புதுப் பில் எழுதினேன். இந்தத் தடவை ஒரே வரியில் இல்லை. செய்த வேலைக்கான கூலி தனி. நின்ற மரமும் போட்ட புல்லும் தனி. சாய்ந்த இருபத்துமூன்று மரத்தின் விலையைப் போடாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதி, 'மூன்று மாதம் கழித்துப் பார்த்து, பிழைத்ததற்கு மட்டும்' என்று குறித்தேன். போடாத இரண்டு பாத்தியைப் போடவில்லை என்றே எழுதினேன். தேதி, அன்றைய தேதி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அவர் தன் பிரதியை மறுபடி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கூலி என்ற வரியில் விரல் நின்றது.

"இது அந்த ஆளுக காசா?"

"ஆமா சார். சனிக்கெழம குடுக்க வேண்டியது. நின்னுபோச்சு."

உள்ளே போய், ஒரு பையோடு வந்தார். "கார்த்திகைக் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டவங்க குடுத்த அட்வான்சு. திருப்பிக் குடுக்க வச்சிருந்தேன். அவங்க ஒரு வாரம் பொறுத்துக்குவாங்க. கூலியக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. மத்தது மெதுவாத்தான் வரும், அதையும் இப்பவே சொல்லிப்புட்டேன்."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முழுத் தொகையை ஒரே வரியில் எழுதியிருந்தால் அவரால் ஒன்றும் கொடுத்திருக்க முடியாது. அவ்வளவு பணம் அவரிடம் இல்லை. பிரித்து எழுதியதால்தான் தன்னால் முடிந்தது எது, முதலில் கொடுக்க வேண்டியது எது என்று அவரால் பார்க்க முடிந்தது. கஷ்டத்தில் இருக்கிற மனிதரிடம் ஒரே பெரிய எண்ணை நீட்டாதீர்கள்.

சாயங்காலம் முதலாளி முன்னால் பில் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். ரத்தான பில்லைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார்.

"ஒங்கள யாரு இதெல்லாம் முடிவு பண்ணச் சொன்னா? இருபத்துமூணு மரம். பொழைக்கலைன்னா அம்புட்டும் என் தலையில. நிமித்துற கூலியும் என் தலையில. நீங்க கம்பெனிக்கு வேலை பாக்குறீங்களா, அவருக்கு வேலை பாக்குறீங்களா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மறைத்ததைச் சொன்னேன்.

"சார், புயலுக்கு மூணு நாள் முன்னாடி அவரு போன் பண்ணிப் பில்லுக் கேட்டாரு. செக்கு எழுதிர்றேன்னாரு. நான்தான் ஒரே பில்லாப் போடலாம்னு நிறுத்தி வச்சேன். அன்னைக்கே போட்டுருந்தா முக்கால்வாசிப் பணம் பேங்க்ல இருந்துருக்கும். ஒங்ககிட்ட நேத்து இதச் சொல்லல."

அவர் பில் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது என்றுகூட மனது யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

"கூலிக் காசு எங்க?" என்றார்.

கொடுத்தேன். ராசுவைக் கூப்பிட்டு, அப்போதே ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கிளம்பப் போன என்னை நிறுத்தி, "இனிமே பாதி வேலையா இருந்தாலும் அந்தந்த வாரம் பில் போயிரணும்" என்றார். அதற்கப்புறம் பத்து நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாள் விடிந்ததும் பன்னிரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவரே ஆலங்குடிக்குப் போய், கூடவே நின்று மீதி மரங்களை நிமிர்த்திவிட்டு வந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். இருபத்துமூன்றில் பதினாலு பிழைத்திருந்தது. ஒன்பது காய்ந்துவிட்டது. பதினாலுக்குப் பில் போட்டேன், ஒன்பதைக் கழித்தேன். அந்த ஒன்பதின் நஷ்டம் கம்பெனிக்குத்தான். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். புயல் அடித்த ஊரில் நஷ்டமில்லாமல் வெளியே வந்தவர் யாருமில்லை. நாங்களும் எங்கள் பங்கைச் சுமந்தோம். இரண்டு பாத்திப் புல்லும் அப்போதுதான் போட்டோம், தனிப் பில்லாக.

கருப்பையா சொன்னபடி பணம் மெதுவாகத்தான் வந்தது. நிவாரணம் வந்ததும் கொஞ்சம், மண்டபத்தில் மறுபடி கல்யாணம் நடக்க ஆரம்பித்ததும் கொஞ்சம். நான் ஒரு தடவைகூடப் போன் செய்து நெருக்கவில்லை. நெருக்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஒவ்வொரு தடவை கட்டும்போதும் எந்த வரிக்கு எவ்வளவு என்று அவரே சொல்லிக் கட்டினார்.

கடைசித் தவணையைக் கட்ட அவரே பஸ் ஏறி புதுக்கோட்டைக்கு வந்தார். ரசீதை வாங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். காய்ந்த மட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பச்சையாக ஒரு குருத்து.

"வாசல்லருந்து நாலாவது மரம். செத்துப்போச்சுன்னு பில்லுல கழிச்சீங்கள்ல. தோண்டிப் போட மனசு வராம விட்டு வச்சிருந்தேன். குருத்து விட்டுருச்சு. அதுக்கு ஒரு பில்லப் போடுங்க."

"விடுங்க சார். ஒரு மரம்தான. கணக்க முடிச்சாச்சு."

"அன்னைக்கி நீங்க ஒண்ணொண்ணா எண்ணித்தானம்மா எழுதுனீங்க" என்றார் கருப்பையா. "அப்பறம் நானும் ஒண்ணொண்ணாத்தான் எண்ணிக்கிட்டுருக்கேன்."

பாம் மரம், ஒன்று. ஒரே வரியில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, பில்லை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, ஆலங்குடி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனார்.